பூனைக்கான பூச்சி மாத்திரை: எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

பூனைக்கென்றே தனியாக வரும் பூச்சி மாத்திரையை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் "மாத்திரை கொடுத்து மூணு வாரம்கூட ஆகல, மறுபடி வெள்ளை வெள்ளையா விழுது, டூப்ளிகேட் மருந்து போல" என்ற புலம்பலைச் சேலத்தில் பூனை வளர்ப்பவர்கள் வாயிலிருந்து அடிக்கடி கேட்கலாம். பெரும்பாலும் மருந்து தன் வேலையைச் சரியாகவே முடித்திருக்கும். கோளாறு எடைக் கணக்கில் இருக்கும், இல்லையென்றால் பூனையின் முதுகு ரோமத்துக்குள் ஓடும் தெள்ளுப்பூச்சியில் இருக்கும். இந்த மாத்திரை எங்கே ஜெயிக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் பேசும் மாத்திரையில் இரண்டு மருந்துகள் உண்டு: பைரன்டெல் எம்போனேட் 230 மில்லிகிராம், பிராசிகுவான்டெல் 20 மில்லிகிராம். ட்ரான்டல் கேட் என்ற பெயரில் பல நாடுகளில் அறியப்பட்ட கலவை இதுதான். இதே கலவை வேறு பெயர்களிலும் விற்பனையாகிறது. முன்பக்கத்தில் இருக்கும் பூனைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அட்டையைத் திருப்பி அந்த இரண்டு எண்களைத் தேடுங்கள். சில அட்டைகளில் பைரன்டெல் 80 மி.கி. என்று போட்டிருக்கும். குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 230 மி.கி. எம்போனேட் உப்பில் இருக்கும் சுத்தமான பைரன்டெல் 80 மி.கி. தான், எழுதும் முறைதான் வேறு. எம்போனேட், பமோயேட் இரண்டும் ஒன்றே.

முதலில், உங்கள் பூனைக்கு இருப்பது எந்தப் புழு என்று தெரிந்துகொள்ள வேண்டும். உருண்டைப்புழு வாந்தியிலோ மலத்திலோ முழுசாக வெளியே வரும். 3 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், வெந்த சேமியா நிறம், இரண்டு முனையும் கூராக, சுருண்டு கிடக்கும். குட்டிகளிடம் இது அதிகம். உடம்பு எலும்பும் தோலுமாக இருக்க, வயிறு மட்டும் பலூன் போல் உப்பியிருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

நாடாப்புழு முழுசாக வருவது அபூர்வம். அதன் துண்டுகள்தான் விழும். ஜவ்வரிசிக்குப் பேர் போன ஊர் என்பதால் இங்கே பலரும் "ஜவ்வரிசி மாதிரி" என்றே சொல்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் அது உருண்டையாக இருக்காது, வெள்ளரி விதையைப் போல நீளவாக்கில் இருக்கும். புதிதாக விழுந்த துண்டை வெள்ளைக் காகிதத்தில் வைத்து ஒரு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். ஒரு முனை நீளும், மறு முனை சுருங்கும், மெல்ல நகரும். வெயில் பட்டு அரை நாள் காய்ந்தால் மஞ்சளாகச் சுருங்கி எள்ளைப் போல் ஆகிவிடும். பூனை படுத்த துணியில், வாலுக்கு அடியில் உள்ள ரோமத்தில் ஒட்டியிருக்கும் அந்த "எள்ளை" அழுக்கு என்று தட்டிவிடுகிறார்கள். பூனைக்கு நாடாப்புழு இருப்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

கொக்கிப்புழு கண்ணில் படாது. சுமார் ஒரு சென்டிமீட்டர்தான், நூலைப் போல இருக்கும், குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். இதைப் பூனையின் ஈறில்தான் தேட வேண்டும். மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளைக் காகிதம் போல வெளிறியிருந்தாலும், மலம் தார் போல் கறுப்பாகப் பிசுபிசுத்தாலும் கடைக்குப் போகாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ரத்தம் குறைந்த குட்டிக்குப் புழுவைக் கொன்றால் மட்டும் போதாது, அதைத் தாண்டிய சிகிச்சை தேவைப்படும்.

பலரையும் ஏமாற்றும் ஒன்று உண்டு. தோட்டத்தில் காலையில் கிடந்த மலத்தை மாலையில் பார்த்துவிட்டு "உள்ளே முழுக்கப் புழு" என்று பதறுவார்கள். அது ஈ முட்டையிட்டு வந்த புழு, பூனையின் வயிற்றிலிருந்து வந்தது கிடையாது. பூனை போன சூட்டோடு பார்த்தால்தான் கணக்கு.

இனி மருந்தின் வேலை. பைரன்டெல் உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் முடக்கிப்போடும். பிடி விட்டுப்போன புழு மலத்தோடு வெளியேறும். அதனால்தான் மருந்து கொடுத்த ஓரிரு நாளில் புழு முழுசாக, சில சமயம் நெளிந்துகொண்டே வருகிறது. அது மருந்து வேலை செய்ததற்கு அத்தாட்சி. பிராசிகுவான்டெல் நாடாப்புழுவின் தோலைச் சிதைத்துவிடும், பிறகு குடலே அதைச் செரித்துவிடும். ஆகவே நாடாப்புழு வெளியே வந்து விழவில்லை என்பதால் மருந்து தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

பைரன்டெல் குடலிலிருந்து உடம்புக்குள் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். பூனைக்குப் பாதுகாப்பு என்ற வகையில் இது நல்லது. ஆனால் குடலுக்கு வெளியே, ஈரல், நுரையீரல் வழியாகப் பயணத்தில் இருக்கும் உருண்டைப்புழுவின் இளம் பருவங்களை மருந்து தொடவே தொடாது. அவை ஓரிரு வாரத்தில் குடலுக்கு வந்து சேரும். இதற்காகத்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தவணை. அந்த இரண்டாவது தவணையை விட்டுவிட்டால் முதல் தவணையின் பலனில் பெரும் பகுதி போய்விடும்.

அளவு: 4 கிலோ எடைக்கு ஒரு மாத்திரை. 1 முதல் 2 கிலோ வரை அரை, 2 கிலோவுக்கு மேல் 4 கிலோ வரை ஒன்று, 4 முதல் 6 கிலோ வரை ஒன்றரை. எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். நாட்டுப் பூனை பெரும்பாலும் 3 கிலோவை ஒட்டி இருக்கும். பெர்சியன் பூனை ரோமத்தால் 5 கிலோ போலத் தெரியும், தராசில் வைத்தால் மூன்றரைதான் வரும். வீட்டில் எடை மெஷின் இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் நின்று பாருங்கள், பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பூனையின் எடை. குட்டிக்கு அந்த மெஷின் ஒத்துவராது. சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, குட்டியை உள்ளே விடுங்கள். கிராம் கணக்கில் தெரிந்தால்தான் குட்டிக்கு மருந்தே கொடுக்க முடியும்.

இந்த மாத்திரையின் பெரிய குறை கசப்பு. பிராசிகுவான்டெல் நாக்கில் பட்டதும் பூனை வாயெல்லாம் நுரை தள்ளும், தலையை உதறும், சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விஷம் ஏறிவிட்டதோ என்று வீட்டில் உள்ளவர்கள் கலங்கிப் போவார்கள். வெறும் கசப்புதான் அது, சில நிமிடத்தில் அடங்கும். பொடித்துப் பாலில் கலக்கும் யோசனை இங்கே பெரும் தோல்வி. பொடித்தால் கசப்பு நாக்கு முழுவதும் பரவும், பூனை அந்தக் கிண்ணத்தையே அடுத்த வாரம் வரை சந்தேகப்படும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்ற கணக்கும் கெட்டுவிடும்.

சரியான முறை இது. மாத்திரையில் ஒரு பொட்டு வெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பூனையை மேசை மேல் உட்கார வைத்து, பின்புறம் உங்கள் உடம்போடு அணைத்தபடி இருக்கட்டும். முன்னங்கால்களோடு சேர்த்து ஒரு துண்டால் சுற்றினால் கீறல் மிச்சம். இடது கையின் கட்டைவிரலையும் நடுவிரலையும் கன்ன எலும்பின் இரு பக்கமும் வைத்து, தலையைக் கூரையைப் பார்க்கிற மாதிரி சாய்த்தால் கீழ்த்தாடை தானாகத் தளரும். வலது நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தி வாயைத் திறந்து, மாத்திரையை நாக்கின் நுனியில் வைக்காமல், நாக்கு மேடாக வளையும் இடத்துக்கும் பின்னால் போடுங்கள். வாயை மூடி, தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவிக்கொடுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே 5 மில்லி தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாக, மெதுவாக விடுங்கள், இல்லையென்றால் ஒரு வாய் ஈரமான தீனி கொடுங்கள். பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை நின்று புண்ணாக்குவது நடக்கக்கூடியது, ஆகவே வறட்டு மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. பட்டினி போடவோ பேதி மருந்து கொடுக்கவோ வேண்டாம். கொடுத்த சிறிது நேரத்தில் மாத்திரையை முழுசாகக் கக்கிவிட்டால் திரும்பக் கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரை மாத்திரை உடைக்கும்போது சில தயாரிப்புகள் பொடிந்து உதிரும். சமையல் கத்தியைவிட, மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டி நல்லது. மில்பிமைசினும் பிராசிகுவான்டெலும் சேர்ந்த மாத்திரை கிடைத்தால், விழுங்கவைக்க அது சுலபம். உருவில் சிறியது, குட்டிக்குத் தனி அளவும் பெரிய பூனைக்குத் தனி அளவும் உண்டு. மூன்று புழுக்களுக்கும் அதுவும் கேட்கும்.

அடுத்தது, கடைகளில் தினமும் நடக்கும் உரையாடல்.

"அண்ணா, பூனைக்குப் பூச்சி மாத்திரை இருக்குங்களா?"

"பூனைக்குன்னு இல்லீங்க. நாய் மாத்திரை இருக்கு, அதுல கால் பங்கு குடுங்க, சரியாப் போயிடும்."

சரியாகப் போகாது. நாய்க்கான மூன்று மருந்துக் கலவையில் வழக்கமாக 10 கிலோ எடைக்கு ஒரு மாத்திரை. அதில் பிராசிகுவான்டெல் 50 மி.கி., பைரன்டெல் எம்போனேட் 144 மி.கி., ஃபெபன்டெல் 150 மி.கி. இருக்கும். கால் மாத்திரையில் பிராசிகுவான்டெல் பன்னிரண்டரை மி.கி., பைரன்டெல் வெறும் 36 மி.கி. ஆனால் 4 கிலோ பூனைக்குத் தேவையோ 20 மி.கி. பிராசிகுவான்டெல், 230 மி.கி. பைரன்டெல் எம்போனேட். எடைக் கணக்குப்படி துல்லியமாக 0.4 மாத்திரை என்று வெட்டினால் பிராசிகுவான்டெல் சரியாக 20 வந்துவிடும். பைரன்டெல் அப்போதும் 57.6 தான், பூனை அளவில் நாலில் ஒரு பங்கு. நாய்க்கும் பூனைக்கும் அந்த மருந்தின் அளவே வேறு என்பதால் எப்படி வெட்டினாலும் இந்தக் கணக்கு நேராகாது. நாடாப்புழு போய்விடும், உருண்டைப்புழு மிச்சம் இருக்கும், கடைக்காரர் சொன்னது பாதி பலித்த மாதிரி தெரியும்.

வீட்டில் குழந்தைகளுக்குப் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேசியக் குடற்புழு நீக்க நாட்களையொட்டி பள்ளியில், அங்கன்வாடியில் கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையைப் பற்றியும் கேட்கிறார்கள். குழந்தைகளுக்கு அது நல்ல மருந்து. பூனைக்கு அதை நீங்களாகக் கொடுக்காதீர்கள். எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைத்துவிடும் ஆபத்து பூனைகளில் அறியப்பட்ட ஒன்று. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரும் பூச்சி மருந்துப் பாட்டில்கள் இதைவிட மோசமான சூதாட்டம். ஐவர்மெக்டின் ஊசி மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 10 மி.கி. மருந்து. கிலோவுக்கு 0.2 மி.கி. என்ற அளவில் ஒரு கிலோ குட்டிக்கு 0.02 மில்லி. இன்சுலின் சிரிஞ்சில்கூட ஓரிரு கோட்டுக்கு மேல் வராது. கை கொஞ்சம் நழுவினால் பத்து மடங்கு போய்விடும், குட்டி தள்ளாடும், பார்வை மங்கும், கோமாவில் விழும்.

பூண்டு கொடுத்தால் புழு சாகும் என்ற பேச்சும் உண்டு. பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். கொக்கிப்புழு ஏற்கனவே ரத்தம் குடித்துக்கொண்டிருக்க, மேலும் ரத்தத்தைக் குறைக்கிற வேலை அது. வேப்பிலைச் சாறு, பப்பாளி விதை, மஞ்சள் எதுவும் மேலே சொன்ன புழுக்களை விரட்டும் என்று நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

குட்டிகளுக்கு மாத்திரையைவிடத் திரவ மருந்து பொருத்தம். பூனையில் உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகிறது. நாய்க்குட்டியைப் போலக் கருவிலேயே தொற்றுவதில்லை. அதனால் மூன்றாவது வாரத்தில் தொடங்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும் வரை. அதன்பின் ஆறு மாத வயது வரை மாதம் ஒன்று. தாய்ப்பூனைக்கும் அதே நாளில் கொடுங்கள், குட்டிகளுக்கு மட்டும் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. இந்தச் சின்ன வயதில் பைரன்டெல் மட்டும் உள்ள திரவம் போதும். பாட்டிலில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆகவே "அரை மில்லி கொடு" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவை நம்பாதீர்கள். குட்டியின் கிராம் எடையையும் பாட்டில் லேபிளின் படத்தையும் மருத்துவரிடம் காட்டி அளவு வாங்குங்கள். ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கும், குலுக்காமல் எடுத்தால் மேல் தண்ணீர்தான் வரும். பைபரசீன் என்ற இன்னொரு புழு மருந்துத் திரவத்தை இதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். நாய்க்குட்டிக்கான திரவத்தில் பெரும்பாலும் நாடாப்புழு மருந்து இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி மாத்திரை கைவிடும் இடம். இதற்கு மிச்சப் பாதுகாப்பு கிடையாது. இன்று குடலில் இருப்பதைத் துடைத்துவிடும், நாளை காலை புதிதாக ஒன்று உள்ளே போனால் தடுக்காது. பூனைக்கு மிகச் சாதாரணமாக வரும் நாடாப்புழுவின் இளம் பருவம் தெள்ளுப்பூச்சியின் உடம்புக்குள் வளர்கிறது. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது தெள்ளு வயிற்றுக்குள் போகும், இரண்டு மூன்று வாரத்தில் புழு முதிர்ந்து துண்டுகள் விழும். தொடக்கத்தில் சொன்ன அந்த "மூணு வாரம்" இங்கிருந்து வருகிறது.

தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் வால் அடியிலும் கழுத்திலும் சீவி, சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் தட்டுங்கள். மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் சில நொடியில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் ஊறிப் பரவும். பூனையிடம் குடித்த ரத்தம் அது. சீப்பில் சிக்கிய தெள்ளை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

முதுகில் நீங்கள் பார்ப்பது முதிர்ந்த தெள்ளுகளை மட்டுமே. தெள்ளின் முட்டை, அதன் புழுப் பருவம், அது கட்டும் கூடு எல்லாம் படுக்கையில், தரை இடுக்கில், பாயின் அடியில் இருக்கும். கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருக்கும். எனவே மாத்திரை கொடுக்கும் அதே நாளில் தெள்ளு மருந்தும் போட வேண்டும், குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடர வேண்டும், படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் அலச வேண்டும். வீட்டில் மூன்று பூனை இருந்தால் மூன்றுக்கும்.

இதற்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் உள்ளன. ஃபிப்ரோனில் தெள்ளைக் கொல்லும், குடல் புழுவுக்கு ஒன்றும் செய்யாது. செலாமெக்டின் தெள்ளோடு உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் கவனிக்கும், நாடாப்புழுவைக் கவனிக்காது. மாத்திரையே விழுங்காத முரட்டுப் பூனைக்கும் வெளியே சுற்றும் பூனைக்கும் மாதம் ஒரு செலாமெக்டின் சொட்டு, அதோடு நாடாப்புழுவுக்கு அவ்வப்போது பிராசிகுவான்டெல் என்ற ஏற்பாடு எங்களுக்குப் பிடித்தமானது. விலை கூடுதல்தான், தவறவிடும் வாய்ப்பு குறைவு. ரோமத்தை விலக்கித் தோலில் விட வேண்டும், மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், நாக்கு எட்டாத புள்ளியில். ரோமத்தின் மேல் ஊற்றினால் மருந்து வீண்.

ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்க்கான சொட்டு மருந்திலும் உண்ணிப் பவுடரிலும் பெர்மெத்ரின் இருக்கலாம். பூனையின் ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு, மரணம் வரை போகும். பெர்மெத்ரின் என்ற சொல் லேபிளில் இருந்தால் அந்தப் பொருள் பூனை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. படுக்கையில் அந்துருண்டையும் கற்பூரமும் வைப்பதும் அப்படியே. பூனைக்கு இரண்டுமே நஞ்சு.

எலி வேட்டையாடும் பூனைக்கு இன்னொரு வகை நாடாப்புழு உண்டு. அதன் இளம் பருவம் எலியின் ஈரலில் இருக்கும். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் தானிய மண்டிகளில் எலிக்காகவே வைத்திருக்கும் பூனைகளும், ஏற்காட்டில் காபி எஸ்டேட் லைன் வீடுகளைச் சுற்றி வாழும் பூனைகளும் இந்தக் கணக்கில் வரும். எலி பிடிக்காதே என்று அவற்றிடம் சொல்ல முடியாது. மாதம் ஒரு முறை மாத்திரை கொடுப்பதுதான் வழி. வீட்டைவிட்டு இறங்காத, தெள்ளு இல்லாத பூனைக்கு இவ்வளவு தேவையில்லை. மலப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லும் இடைவெளி போதும். வெளியே போய்வரும் சாதாரணப் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம்.

மலைக்கும் ஊருக்கும் இங்கே வித்தியாசம் இருக்கிறது. சேலத்தின் பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த வெற்றுத் தரையில் கொக்கிப்புழுவின் லார்வா நிலைக்காது. ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்தில் சில்வர் ஓக் நிழலில் மண் ஈரமாகவே கிடக்கும், அங்கே அது அதிக நாள் தாங்கும், பாதத் தோல் வழியாகவே உள்ளே நுழையும். உருண்டைப்புழு முட்டைக்கு இரண்டு இடமும் ஒன்றுதான், அதன் ஓடு அவ்வளவு கெட்டி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆனால் மலத்தோடு விழுந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மணல் தட்டைத் தினமும் அள்ளிச் சுத்தம் செய்யும் வீட்டில் அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரிக்கு ஒன்று முதல் ஐந்து நாளே போதும், ஆகவே தினமும் என்றால் தினமும்தான். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வேறு யாராவது அள்ளட்டும். தட்டைக் கழுவப் பினாயில், டெட்டால் இரண்டும் வேண்டாம். முட்டை அதற்கு அசையாது, அதில் உள்ள பீனால் வகைப் பொருட்கள் பாதம் நக்கும் பூனைக்குத்தான் விஷமாகும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, மொட்டை மாடி வெயிலில் காயவையுங்கள். கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தெருப்பூனைகளுக்கு அது கழிப்பறை, பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மைதானம். பூனையின் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் மனிதரையும் தொற்றும்.

மாத்திரையை மூன்று முறை கொடுத்தும் குட்டிக்குப் பேதி நிற்கவில்லை, மலம் சளியோடு நாறுகிறது என்றால் நான்காவது முறை கொடுக்காதீர்கள். காக்சிடியா, ஜியார்டியா போன்ற ஒரு செல் உயிரிகள் அங்கே வேலை செய்யலாம், இந்த மாத்திரைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. பட்டாணி அளவு மலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஜாதிக்காய் அளவு, மூடியுள்ள டப்பாவில் எடுத்து அன்றைக்கே பரிசோதனைக்குக் கொடுங்கள். தாமதமானால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையவிட வேண்டாம். ஜியார்டியா எல்லா நாளும் வெளியே வராது, அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மாதிரி கேட்பார்கள். உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கமான முறையில் நாடாப்புழு முட்டை பெரும்பாலும் சிக்காது, அது துண்டுக்குள் பொதிந்தே வெளியே வருவதுதான் காரணம். ரிப்போர்ட்டில் "புழு இல்லை" என்று வந்தாலும், வாலடியில் எள் போல் பார்த்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு துண்டை ஈரப் பஞ்சில் வைத்துக் கையோடு கொண்டுபோங்கள். சேலத்துக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பிடிபடாத பேதிக்கு அங்கே போவது நல்ல முடிவு.

ஆறு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கும் சினைப் பூனைக்கும் இந்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாய்க்குக் கொடுக்கலாம். காய்ச்சல், தொடர் வாந்தி, தீனி எடுக்காமை இருந்தால் முதலில் அதற்குக் காரணம் தெரியட்டும்.

வாங்கும்போது இரண்டு தவணைக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். குறிப்பாக மலையில் இருப்பவர்கள், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி மறுபடி வர சோம்பல்பட்டே இரண்டாவது தவணை தவறுகிறது. ஸ்டிரிப்பை வண்டியின் டிக்கியில் வெயிலில் விடாதீர்கள், 30 டிகிரிக்குக் கீழே உள்ள உலர்ந்த அலமாரியில் வையுங்கள். அட்டையின் ஓரத்தில் பேனாவால் மூன்று விஷயம் எழுதுங்கள்: கொடுத்த தேதி, அன்றைய எடை, அடுத்த தேதி.